பாய் விரித்த தளம்

"ரஜூலாவைவிடப் பெருசா?"

2023ஆம் ஆண்டு பள்ளி விடுமுறைக்குக் கப்பல் பயணம் போகலாம் என்று மகன் சொன்னபோது அம்மா கேட்ட கேள்வி இது. மகன் கைப்பேசியில் படத்தைக் காட்டினான். பதினேழு, பதினெட்டு மாடி, நீச்சல் குளங்கள், நாடக அரங்கு, சறுக்கு மரம். என்னோடு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி, இவ்வளவு பெரிய கப்பலில் போவதற்குப் பேரங்காடிக்கே போகலாம், நூற்றைம்பது பேர் போகிற சிறிய பாய்மரக் கப்பல் இருக்கிறது, அதில் போங்கள் என்றாள். வீட்டில் ஒரு வாரம் இதே பேச்சு. அம்மா மட்டும் பெரியதா சிறியதா என்று வாதாடவில்லை. அவருக்குத் தெரிந்த கப்பல் ஒன்றே ஒன்று. அதைவிடப் பெரியதா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

ஆமாம் அம்மா, ரொம்பப் பெருசு என்று உடனே சொல்லிவிட்டேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது அந்தக் கேள்விக்கு அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது.

எங்கள் வீடு மலேசியாவின் சுபாங் ஜெயாவில். 1976இல் இங்கே வீடமைப்பு வேலை தொடங்கும்வரை இந்த மண் சீஃபீல்டு ரப்பர்த் தோட்டம். இப்போது பேரங்காடியும் தனியார் மருத்துவமனையும் கல்லூரிகளும் நிற்கிற இடத்தில் பால்மரங்கள் நிரை நிரையாக நின்றன. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, வாளியும் உளியுமாக நிரைக்குப் போனது எங்கள் முந்தைய தலைமுறை. அவர்கள் அத்தனை பேரும் கடல்வழி வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் பிள்ளைகள். சுபாங் ஜெயா நிலையத்தில் கொமுட்டர் ரயிலில் ஏறினால் பத்து தீகா, ஷா ஆலாம், பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக், கிள்ளான் என்று ஊர்ந்து, கடைசியில் கிள்ளான் துறைமுகத்தில் கொண்டுபோய் விடும். அந்தத் தண்டவாளத்தின் எதிர்த்திசைதான் எங்கள் வரலாறு. கப்பலில் இறங்கி ரயிலில் ஏறி, தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இந்தத் தண்டவாளம் துறைமுகம்வரை நீண்டதே கப்பலின் அளவால்தான் என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு ரயில் பாதை போட்டபோது, கப்பல்கள் கிள்ளான் ஆற்றில் ஏறிப் பெங்கலான் பத்து படித்துறைக்கு வந்து கொண்டிருந்தன. ஆறு வளைந்து வளைந்து போகும், ஆழமும் குறைவு. சின்ன நீராவிக் கப்பல் வரலாம். ஈயம் ஏற்றிப்போகப் பெரிய கப்பல் வேண்டும் என்றால் ஆறு இடம் கொடுக்காது. ஆற்றைப் பெரிதாக்க முடியாது, துறைமுகத்தை நகர்த்தலாம். பாதையைச் சதுப்பு நிலத்தின் வழியே கடல் ஓரத்துக்கு நீட்டி, 1901இல் புதுத் துறைமுகத்தைத் திறந்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரில் அது போர்ட் சுவெட்டன்ஹாம் ஆனது. திறந்த கையோடு மலேரியா அங்கே வேலை செய்தவர்களை வாரிக்கொண்டு போனது. டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பைத் தூர்த்து வடிகால் வெட்டிய பிறகுதான் துறைமுகம் பிழைத்தது. 1972இல் அதற்குக் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாற்றினார்கள். அம்மா இன்றைக்கும் 'சுவெட்டன்ஹாம்' என்றுதான் சொல்லுவார்.

அம்மா சொன்ன ரஜூலா, 1926இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். உரிமையாளர் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. தூத்துக்குடி–கொழும்பு வழித்தடத்தில் வ.உ.சி. என்ற வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒழிக்கக் கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கிய அதே கம்பெனி. வ.உ.சி. 1906இல் தொடங்கியதை 1908இல் அவரையே சிறையில் தள்ளி முடக்கினார்கள். அது நடந்து பதினெட்டு ஆண்டு கழித்து, சென்னை–நாகப்பட்டினம்–பினாங்கு–போர்ட் சுவெட்டன்ஹாம்–சிங்கப்பூர் தடத்துக்கென்றே இரட்டையாக இரண்டு கப்பல்கள் அதே கொடியோடு வந்தன. ஒன்று ரஜூலா, இன்னொன்று ரோனா.

ரஜூலா ஏறக்குறைய 8,500 டன். நீளம் 150 மீட்டருக்கும் குறைவு. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புக் காபின்களில் சில டசன் பேருக்குத்தான் இடம். தளப் பயணிகளாக ஏற்றிக்கொள்ள அனுமதி பெற்ற தொகையோ ஐயாயிரத்துக்கும் மேல். எழுத்துப் பிழையோ என்று மறுபடி மறுபடி பார்த்தேன். பிழை இல்லை. அந்தக் கம்பெனியின் கப்பல்களிலேயே அதிகப் பேரை ஏற்ற உரிமம் பெற்றவை இந்த இரட்டையர்கள்தாம்.

கப்பலுக்குச் சொல்லும் டன் எடைக் கணக்கு அன்று, கொள்ளளவுக் கணக்கு. பழைய முறையில் 100 கன அடி இடம் ஒரு டன். 8,500 டன்னை ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஒன்றே முக்கால் டன்னுக்குள் அடங்கிவிடும். அந்தப் பங்கிலும் எந்திர அறை, நிலக்கரி, சரக்கு, சமையல்கட்டு எல்லாம் சேர்த்தி. 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' 248,663 டன். 365 மீட்டர் நீளம். மூச்சு முட்ட நிரப்பினாலும் பயணிகள் 7,600 பேர். தலைக்கு முப்பத்திரண்டு டன்னுக்கும் மேல். டன் கணக்கிடும் முறை இடையில் மாறியிருக்கிறது, ஆகவே துல்லியமான ஒப்பீடு ஆகாது. ஆனால் ஒன்றே முக்காலுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை எந்த முறை மாற்றமும் நிரப்பாது.

ஆகவே அம்மாவின் கேள்விக்கு என் பதில் இப்படி வந்து நிற்கிறது: தலைகளை எண்ணினால் ரஜூலா பெரிய கப்பல். இன்றைய ராட்சதக் கப்பல்களோடு சமமாக நிற்கக்கூடிய கூட்டம் அதில் ஏறியது. தலைக்கு எவ்வளவு இடம் என்று எண்ணினால் அதைப்போலச் சிறிய கப்பல் இல்லை. பெரிய கப்பலா சிறிய கப்பலா என்று பேசுகிறவர்கள் மாடிகளை எண்ணுகிறார்கள். ஒரு மனிதருக்கு எவ்வளவு இடம் என்பதைத்தான் முதலில் எண்ண வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை கப்பலேறியதை வைத்து இதைச் சொல்கிறேன்.

தாத்தா வந்தது 1920களின் கடைசியில், கங்காணி வழியாக. ஒப்பந்தக் கூலிமுறையை, அதாவது நம்மவர்கள் சொன்ன சஞ்சிக்கூலி முறையை, 1910இல் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பே 1907இல் தமிழ்க் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தி, தோட்ட முதலாளிகளிடம் வசூலித்துக் கப்பல் கூலியைக் கட்டினார்கள். கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்ப்பார்; ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் தங்கவைத்துக் கப்பலேற்றுவார்கள். இறங்கினதும் குவாரண்டைன் முகாம். டிக்கெட் இலவசம் என்பதால் இடத்தைப் பற்றி வாய் திறக்க முடியாது. அது பயணம் என்று தாத்தா ஒருநாளும் சொன்னதில்லை. "எங்களைக் கொண்டாந்தாங்க" என்றுதான் சொல்வார். 1938இல் இந்திய அரசு உதவிக் கட்டணத்தில் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தியது. அந்தக் கூட்டம் அத்தோடு நின்றது.

தாத்தா வந்ததற்குப் பக்கத்தில்தான், 1929 டிசம்பரில், பெரியாரும் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி பினாங்கில் இறங்கினார். அவரை வரவேற்கத் துறையில் திரண்ட கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் இதே கப்பல் தடத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். பத்திரிகை, இயக்கம், நாடகக் கம்பெனி, வெற்றிலை, புளி, அம்மிக்கல், மாப்பிள்ளை, மணப்பெண் எல்லாம் வந்து சேர்ந்த பாதை அது.

போர் வந்தது. ரோனாவைத் துருப்புக் கப்பலாக்கி மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார்கள். 1943 நவம்பர் 26ஆம் தேதி அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மன் விமானம் ஏவிய குண்டு அதைத் தாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் மாண்டார்கள். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் போய்வரக் கட்டிய கப்பல் யாருக்கோ கல்லறையாகி அங்கே கிடக்கிறது. ரஜூலாவும் போருக்குப் போனது, ஆனால் திரும்பி வந்தது.

திரும்பி வந்த ரஜூலாவில்தான் அம்மா 1956இல் மணப்பெண்ணாக வந்தார். வயது பதினெட்டு. ஊர் மன்னார்குடிப் பக்கம். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய்ப் பக்கவாட்டில் தொங்கும் ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். அலை படகைத் தூக்கும்போது காலை எடுத்து வைக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் படகு கீழே போய்விடும். பட்டுப்புடவையோடு அந்த ஏணியில் ஏறியதை அம்மா இன்றைக்கும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவார். கல்யாணத்தில் தாலி கட்டிய நேரத்தைவிட அந்த ஏணிதான் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

1967இல் அதே ரஜூலாவில் நான் இந்தியாவுக்குப் போனேன். ஒன்பது வயது. அப்பா, அம்மா, தம்பி, நான். அதற்குள் ரஜூலாவைப் புதுப்பித்திருந்தார்கள், தளப் பயணிகளின் தொகையையும் நன்றாகக் குறைத்திருந்தார்கள். ஆனாலும் நாங்கள் தளத்தில்தான். ஏறினதும் முதல் வேலை இடம் பிடிப்பது. அப்பா முன்னாலேயே ஓடிப்போய் இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் பாயை விரித்தார். மூன்று பக்கம் தகரப்பெட்டிகளை அடுக்கினார். பெட்டிகளுக்குள் ஊருக்குக் கொண்டுபோகும் கோடாலித் தைலம், டார்ச் லைட், லக்ஸ் சோப்பு, கைலி. நாலாவது பக்கம் திறந்திருந்தது, அதுதான் வாசல். ஒரு வாரத்துக்கு அதுவே வீடு. பக்கத்துப் பாயில் பந்திங் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம். அதற்கடுத்து பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸைச் சேர்ந்த ஓர் அம்மாவும் மகளும். தூணுக்கு அந்தப் பக்கம் நாகூருக்குப் போகும் வியாபாரி ஒருவர். இரண்டாம் நாள் எல்லோரும் அண்ணன், அக்கா, மாமா ஆகிவிட்டார்கள்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. கழிப்பறை வாசலில் வரிசை. வங்கக் கடல் கொஞ்சம் கோபித்துக்கொண்டால் தளம் முழுவதும் வாந்தி நாற்றம். கடலுக்கடியில் இறக்கைபோல் விரிந்து கப்பலின் ஆட்டத்தை அடக்கும் தகடுகள் இன்றைய கப்பல்களில் உண்டு. 1926இல் கட்டியதில் அதெல்லாம் ஏது? அம்மா எலுமிச்சை ஊறுகாயை நாக்கில் தடவிவிட்டுக் கண்ணை மூடிப் படுக்கச் சொன்னார். படுத்துக் காதைத் தளத்தில் வைத்தேன். அடியில் நீராவி எந்திரம் ஓடும் சத்தம் பாயைத் தாண்டி எலும்புக்குள் கேட்டது. தொம், தொம், தொம் என்று, ஒரு பெரிய மாடு அசைபோடுவதுபோல. அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன். இரவில் எழுந்தால் பெட்டிகளுக்கு மேலே கம்பி, கம்பிக்கு அப்பால் கடல். எழுந்து நாலடி நடந்தால் கையை நீட்டி உப்புக் காற்றைத் தொடலாம்.

இதை நான் அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்வதற்காக எழுதவில்லை. காசு கொடுத்து, விரும்பி, திரும்பி வரப்போகிற பயணமாகப் போனதால் ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது இனித்தது. தாத்தாவுக்கு அதே தளம் இனிக்கவில்லை.

ரஜூலாவின் கடைசிக் காலத்தில் கப்பலில் இன்னொரு கூட்டம் ஏறியது. 1968இல் வந்த வேலை அனுமதிச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை இழந்தார்கள். முப்பது, நாற்பது ஆண்டு பால்வெட்டியவர்கள் பெட்டி கட்டினார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து போன ஒரு குடும்பத்தை வழியனுப்ப அப்பாவோடு துறைமுகத்துக்குப் போயிருந்தேன். கப்பலிலிருந்து கரைக்குக் காகித நாடாக்களை வீசினார்கள். ஒரு முனை அங்கே, ஒரு முனை எங்கள் கையில். கப்பல் நகர நகர நாடா இறுகி, ஒவ்வொன்றாக அறுந்தது. என்னோடு படித்த சிறுமி பிடித்திருந்த பச்சை நாடா கடைசியில்தான் அறுந்தது. அவள் முகம் தெரியும் தூரத்திலேயே இருந்தது. கப்பல் உயரமில்லாமல் இருந்ததன் கருணை அது.

1973இல் ரஜூலா ஓய்ந்தது. அடுத்த ஆண்டே உடைத்துவிட்டார்கள். நாற்பத்தேழு ஆண்டு உழைத்த கப்பல். அதன் இடத்துக்கு இந்தியக் கப்பல் கழகத்தின் 'சிதம்பரம்' வந்தது. 1966இல் பிரான்சில் 'பாஸ்தர்' என்ற பெயரில் கட்டி, தென் அமெரிக்காவுக்கு ஓடிய சொகுசுக் கப்பல் அது. ரஜூலாவைப்போல இரண்டு மடங்கு, 17,000 டன்னுக்கும் மேல். ஏற்றியதோ ஆயிரத்தைந்நூறு பேர் அளவில். தலைக்குப் பத்து டன்னைத் தாண்டிவிட்டது. எங்கள் மக்களுக்குக் கப்பலில் படுக்கையும் குளிர்காற்றும் கிடைத்தன. கப்பலில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா வ.உ.சி.யைத்தான் நினைத்துக்கொள்வார். கப்பல் நம்முடையதாகிவிட்டது என்பார். 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தத் தடமே முடிந்தது. விமானம் ஏற்கெனவே கூட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தது. நாலு மணி நேரத்தில் போகிற ஊருக்கு ஏழு நாள் யார் போவார்கள்?

அதற்குப் பிறகு இந்தக் கடலுக்கு வந்தவை வேறு வகைக் கப்பல்கள். 1988இல் அமெரிக்கப் பக்கம் 73,000 டன்னில் 'சாவரின் ஆஃப் த சீஸ்' இறங்கியபோதே உல்லாசக் கப்பலின் அளவு மாறிவிட்டது. 1993இல் மலேசியாவின் கெந்திங் குழுமம் ஸ்டார் குரூஸைத் தொடங்கியது. 1999இல் வந்த 'சூப்பர்ஸ்டார் விர்கோ'வைக் கிள்ளான்காரர்கள் நன்கு அறிவார்கள். கப்பல் பெருகப் பெருகத் தலைக்கு ஆகும் எண்ணெய்ச் செலவும் ஆள் செலவும் குறையும். கப்பலுக்குள்ளேயே கடையும் அரங்கும் இருந்தால் பயணி உள்ளேயே செலவழிப்பார். போய்ச் சேரும் ஊர் முக்கியமில்லை, கப்பலே ஊர். ஊர்களுக்கு இது பிடிக்காமலும் போகிறது. வெனிஸ் நகரம் 2021 ஆகஸ்டிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களைத் தன் ஜியூதெக்கா கால்வாய்க்குள் விடுவதில்லை. நாகப்பட்டினத்திலிருந்தோ 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்கு விட்ட 'செரியபாணி' 150 பேருக்கு உரியதாக இருந்தது. படகில் போய் ஏணியைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை, துறையிலேயே ஏற முடிந்தது. சிறிய கப்பலின் உண்மையான பெருமை அதுதான்: சின்ன ஊரின் வாசலுக்கு வரும்.

கடைசியில் பெரிய கப்பலில்தான் போனோம். அம்மாவுக்கு எண்பத்தைந்து வயது, சக்கர நாற்காலி. பாய்மரக் கப்பலின் படிகளில் அவரை ஏற்ற முடியாது. இந்தத் தேவையை வைத்துப் பார்க்கும்போது பெரிய கப்பலைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. பூலாவ் இண்டாவில் உள்ள முனையத்துக்குக் காரில் போய், வரிசையில் நெடுநேரம் நின்று, சாய்வான பாதையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே உள்ளே போய்விட்டோம். அலை படகைத் தூக்கும்வரை காத்திருக்கவில்லை. "ஏணி எங்கடி?" என்று அம்மா கேட்டார். இல்லை என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

முதல் நாள் முழுவதும் பேரப்பிள்ளைகள் அவரைத் தள்ளிக்கொண்டு மாடி மாடியாகப் போனார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் தோசை இருந்தது, சாம்பார் இருந்தது. பக்கத்து மேசையில் பேராக்கிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். சிரித்தோம், ஊர் கேட்டோம். மறுவேளை அவர்களைத் தேடினோம். நாலு நாளும் தேடினோம், மறுபடி கண்ணில் படவே இல்லை. ஆயிரக்கணக்கான பேருக்கு நடுவே பக்கத்துப் பாய் என்ற ஒன்று கிடையாது.

இரண்டாம் நாள் மாலை அம்மா, "கப்பல் எப்ப கிளம்பும்?" என்றார். மலாக்கா நீரிணையில் போய்க்கொண்டிருக்கிறோம் என்றேன். நம்பவில்லை. எங்கள் அறையின் பால்கனிக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். பத்தாவது மாடி. கடல் கீழே எங்கோ, சுருக்கம் விழுந்த நீலத் துணிபோலக் கிடந்தது. சத்தமே இல்லை.

அன்று இரவு இரண்டு மணி இருக்கும். விழித்துப் பார்த்தால் கட்டிலில் அம்மா இல்லை. பால்கனிக் கதவு திறந்திருந்தது. அவர் தன் கைலியைத் தரையில் விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் இழுத்து வைத்து, ஒருக்களித்துப் படுத்திருந்தார். பதறிப்போய்க் குனிந்தேன். உதட்டில் விரலை வைத்து என்னைச் சும்மா இருக்கச் சொன்னார். நானும் பக்கத்தில் படுத்துத் தரையில் காதை வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, மிகவும் கீழேயிருந்து, மெல்லிய ஓர் அதிர்வு.

"இப்பத்தான் ஓடுது" என்றார் அம்மா.

உள்ளே போய்த் தலையணை எடுத்துவந்து அவர் தலைக்கு அடியில் வைத்தேன். அதை அப்பால் தள்ளிவிட்டு மறுபடி காதைத் தரையில் வைத்துக்கொண்டார்.